முதலில் யாருக்குப் பதில்?

புகார்கள் குவியும் மேஜையில் எதை முதலில் எடுப்பது என்பது வெறும் அலுவலக நடைமுறை அல்ல. யார் காத்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது. புனே அருகே நிக்டியில் ஒரு தொலைபேசி எண்ணைச் சுற்றி எழும் கேள்விகள் நாட்டின் எல்லா நகரங்களுக்கும் பொருந்தும்.

ஜூலை மாதத்து மழைக்காலைப் பொழுது ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பழைய மும்பை-புனே நெடுஞ்சாலையில், சிவாஜியும் துக்காராமும் சந்திக்கும் பக்தி-சக்தி சிலைகள் நிற்கும் நிக்டியிலிருந்து, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் உதவி எண்ணுக்குப் பத்து நிமிடத்தில் ஐந்து அழைப்புகள் வருகின்றன. பிராதிகரண் பங்களா ஒன்றிலிருந்து முதல் அழைப்பு: மூன்று நாளாகத் தெருவிளக்கு எரியவில்லை. யமுனாநகரிலிருந்து இரண்டாவது: குப்பை வண்டி வரவில்லை. அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ஒருவர் அழைக்கிறார்: குழாயில் தண்ணீர் இல்லை. நான்காவது குரல் செக்டர் 22-ன் ஓட்டா ஸ்கீமிலிருந்து, ஒரு சிறுவனுடையது: சந்தில் பாதாளச் சாக்கடையின் மூடி திறந்து கிடக்கிறது. ஐந்தாமவருக்குப் புகாரே இல்லை. சொத்து வரி கட்டக் கடைசித் தேதி என்ன என்று தெரிந்தால் போதும்.

யாருக்கு முதலில் பதில்? வந்த வரிசைப்படி என்றால் தெருவிளக்குக்கு. எளிதானது முதலில் என்றால் வரி கட்டுபவருக்கு, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதட்டிப் பேசுபவருக்கு முதலிடம் என்றால் சங்கச் செயலாளருக்கு. ஆபத்து எங்கே என்று பார்த்தால்தான் அந்தச் சிறுவனின் முறை முதலில் வரும். ஐந்து அழைப்புகளும் நியாயமானவை. எல்லோரையும் ஒரே நொடியில் கவனிக்க முடியாது என்பதும் உண்மை. புகார் கேட்கும் எந்த அமைப்பின் நேர்மையும் அந்தத் தேர்வில்தான் தெரியவரும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் இந்தச் சோதனையைத் தானாக வரவழைத்துக்கொண்ட நகரம். 2013 ஆகஸ்ட் 15 அன்று, ஸ்ரீகர் பர்தேசி கமிஷனராக இருந்தபோது, 'சாரதி' என்ற உதவிச் சேவையை மாநகராட்சி தொடங்கியது. எண் 88880 06666. ஒரே எண், எந்தத் துறை, எந்த அதிகாரி என்று குடிமகன் தேடி அலைய வேண்டியதில்லை. கூடவே ஓர் இணையதளம், செல்போன் செயலி, மாநகராட்சிச் சேவைகள் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளும் பதில்களும் அடங்கிய கையேடு.

அந்தக் கையேடு சிறிய விஷயமாகத் தோன்றலாம். முன்னுரிமை என்ற சிக்கலின் முதல் முடிச்சை அவிழ்த்தது அதுதான். அழைப்பவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவை தகவல் மட்டுமே. பிறப்புச் சான்றிதழுக்கு என்ன ஆவணம், தண்ணீர் இணைப்புக்கு எங்கே விண்ணப்பம் என்பன போன்றவை. பதில் கையில் இருந்தால் அவர்களை வரிசையில் நிறுத்தவே வேண்டாம். போனை எடுத்தவரே சொல்லி அனுப்பிவிடலாம். வரிசையில் மிஞ்சுவது ஆள் போய்ச் செய்ய வேண்டிய வேலைகள் மட்டும். கேள்வியையும் புகாரையும் பிரிக்காத அலுவலகத்தில் சாக்கடை மூடியும் வரித் தேதியும் ஒரே கோப்பில், ஒரே காகிதக் கட்டில் தூங்குகின்றன.

ஒரு நகரம், இரண்டு வரிசைகள்

நிக்டியைப் புரிந்துகொள்ளாமல் அங்கே எழும் புகார்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1972-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. டெல்கோ, பஜாஜ் போன்ற ஆலைகளைச் சுற்றிப் பெருகிய மக்களுக்குத் திட்டமிட்ட குடியிருப்புகள் வேண்டும் என்பது நோக்கம். மக்கள் 'பிராதிகரண்' என்று அழைக்கும் பகுதி அதில் பிறந்தது. எண்ணிட்ட செக்டர்கள், அகலமான தெருக்கள், இருபுறமும் மரங்கள். 2021-ல் ஆணையம் கலைக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதே நிக்டியில்தான் ஓட்டா ஸ்கீமும் இருக்கிறது. செக்டர் 22-ல் குடிசைவாசிகளுக்காகத் தொடங்கிய அடுக்குமாடி வீட்டுத் திட்டமோ, தேஹு ரோடு ராணுவக் கிடங்கைச் சுற்றிய 'ரெட் ஸோன்' தடையில் சிக்கி நீதிமன்றப் படியேறியது.

ஒரே நிக்டி. ஆனால் புகார் சொல்லும் பழக்கம் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. பங்களாவாசிக்கு மாநகராட்சி எண் மனப்பாடம். செயலியில் படம் எடுத்து அனுப்பத் தெரியும். மூன்றாம் நாள் நினைவூட்டவும் தெரியும். தினக்கூலிக்காரருக்கு அழைக்க நேரம் இல்லை. அழைத்தாலும் எதுவும் நடக்காது என்ற அனுபவம் உண்டு. ஆலைப் பகுதிக்குப் பிழைக்க வந்த தமிழருக்கோ ஒடியருக்கோ இன்னொரு தடை: மராத்தியிலோ இந்தியிலோ தன் குறையை விளக்கத் தெரிய வேண்டும்.

அதனால்தான் வரும் அழைப்புகளை மட்டும் எண்ணி முன்னுரிமை வகுப்பதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. அழைப்புகள் அதிகம் வரும் தெருவில் குறைகள் அதிகம் என்று பொருளல்ல. அழைக்கத் தெரிந்தவர்கள் அதிகம் என்றும் இருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதை முன்பே கண்டது. 2012-ல் அங்கே 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலி அறிமுகமானது. காரில் போகும்போது வண்டி குலுங்கினால் செல்போனே குழியைக் கண்டுபிடித்து மாநகராட்சிக்குத் தெரிவிக்கும். கேட்க அற்புதமாக இருந்தது. ஆனால் ஸ்மார்ட்போன் வசதியுள்ளவர்கள் குறைவாக வாழும் பகுதிகளின் குழிகள் கணக்கில் வராமல் போகும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். யாரும் புகார் செய்யாத குழி கணினியைப் பொறுத்தவரை இல்லாத குழி.

தண்ணீர் வரவில்லை, ஆனால் எத்தனை நாளாக?

புகாரின் சொற்கள் ஒன்றாக இருந்தாலும் எடை வேறாக இருக்கும் என்பதற்கு நிக்டியிலேயே சாட்சி உண்டு. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் குடிநீர் பவனா அணையிலிருந்து ஆற்றில் வந்து, ராவேத்தில் இறைக்கப்பட்டு, நிக்டியின் செக்டர் 23-ல் உள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. நகரத்துக்கே தண்ணீர் தரும் பேட்டை இது. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறைக்கு மாறியது.

இந்த மாற்றம் 'தண்ணீர் வரவில்லை' என்ற இரண்டு சொல் புகாரின் பொருளையே மாற்றிவிட்டது. தினமும் தண்ணீர் வரும் ஊரில் ஒரு வேளை தவறினால் மறுநாள் வரும். முறை வைத்து வரும் ஊரில் ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு நாள். மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி வைத்திருக்கும் சங்கத்துக்கு அது தொல்லை. லாரி வரவழைத்துச் சமாளித்துக்கொள்ளும். இரண்டு பிளாஸ்டிக் டிரம் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது வேலைக்குப் போகாத ஒரு நாள். போனை எடுப்பவர் 'எந்தப் பகுதி' என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றே. 'கடைசியாக எப்போது வந்தது, சேர்த்து வைக்க என்ன இருக்கிறது' என்று கூடுதலாகக் கேட்டால் இரண்டும் வேறு வேறு. நல்ல முன்னுரிமை பெரும்பாலும் நல்ல கேள்வியில் தொடங்குகிறது.

காயத்தைப் பார், பதவியைப் பார்க்காதே

எதை முதலில் என்ற கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர்கள் போர்க்கள மருத்துவர்கள். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, காயம்பட்டவர்களைப் பதவி வரிசையில் கவனிக்கும் வழக்கத்தை மறுத்தார். தளபதியா சிப்பாயா என்பது பொருட்டல்ல. காயம் எவ்வளவு கடுமையானது என்பதே பொருட்டு. 'ட்ரியாஜ்' என்று இன்று உலக மருத்துவமனைகள் வழங்கும் முறையின் வேர் அங்கே இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குத் தரம் பிரித்தல் என்று பொருள்.

இந்தியச் சட்டத்திலும் இதே சிந்தனை ஓசையில்லாமல் நுழைந்திருக்கிறது. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண மனுவுக்கு 30 நாள் அவகாசம் தருகிறது. கேட்கப்படும் தகவல் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். மனுதாரர் யார், எந்தச் செல்வாக்கில் வந்தார் என்று சட்டம் கேட்பதில்லை. தாமதித்தால் என்ன இழப்பு என்று மட்டும் கேட்கிறது. மத்திய அரசின் குறைதீர் இணையதளமும் இதே வழியில் போயிருக்கிறது. 2020-ல் கொரோனா தொற்று பரவியபோது அது தொடர்பான குறைகளுக்கு மூன்று நாள் என்று தனி வரிசை அமைத்தார்கள். மற்றக் குறைகளுக்கான காலக்கெடு 60 நாளிலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2024-ல் 21 நாளாக வந்து நின்றது.

மகாராஷ்டிரத்தில் நீதிமன்றமே இதைச் சொல்ல வேண்டி வந்தது. 2017 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மும்பையில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் திறந்திருந்த பாதாளச் சாக்கடைக்குள் விழுந்து இறந்தார். இரண்டு நாள் கழித்து வொர்லி கடலோரத்தில்தான் உடல் கிடைத்தது. சாலைக் குழிகளிலும் திறந்த சாக்கடைகளிலும் விழுந்து உயிரிழப்பவர்களின் குடும்பங்களுக்கு 6 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தெரிய வந்த குழிகளை 48 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்றும் கூறியது. ஓட்டா ஸ்கீம் சிறுவனின் அழைப்பு ஏன் வரிசையைத் தாண்ட வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

கணக்கு சொல்லும் தந்திரம்

ஆபத்தானவற்றை ஒதுக்கி எடுத்த பிறகு மிஞ்சும் நூற்றுக்கணக்கான சாதாரணப் புகார்களை எப்படி அடுக்குவது? இங்கே கணிதம் கைகொடுக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர், அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்பது பற்றி 1909-ல் கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பற்றிய அறிவியல் அதிலிருந்து கிளைத்தது.

அந்த அறிவியலின் எளிய பாடம் ஒன்று. ஒரு பழுதுபார்ப்புக் குழுவுக்குப் பத்து மணி நேரம் பிடிக்கும் குழாய் வேலை ஒன்றும், தலா ஒரு மணி நேரத்தில் முடியும் சிறு வேலைகள் பத்தும் இருக்கின்றன என்று வையுங்கள். பெரிய வேலையை முதலில் எடுத்தால் ஒரு புகார்தாரரின் சராசரிக் காத்திருப்பு 15 மணி நேரம். சிறியவற்றை முதலில் முடித்தால் 7 மணி நேரத்துக்கும் குறைவு. மொத்த உழைப்பு இரண்டிலும் அதே 20 மணி நேரம்தான். வரிசையை மாற்றியதில் மட்டும் சராசரி பாதியாகிவிட்டது.

அதிகாரிகளுக்கு இது இனிக்கும். ஆண்டறிக்கையில் போட அழகான எண். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒரு பலிகடா ஒளிந்திருக்கிறது: முழு 20 மணி நேரமும் காத்திருந்த குழாய்த் தெரு. அதற்குள் இன்னும் பத்துச் சிறு வேலைகள் வந்து சேர்ந்தால்? அந்தத் தெருவின் முறை மறுபடியும் பின்னால் போகும். தினமும் புதிய சிறு வேலைகள் வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலையின் முறை வரவே வராது.

கணினித் துறையில் இதற்குப் பெயரே 'பட்டினி'. பாடநூல்களில் வதந்தியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பழைய ஐ.பி.எம். கணினி ஒன்றை 1973-ல் மூடியபோது, 1967-ல் கொடுக்கப்பட்ட ஒரு வேலை இன்னும் தன் முறைக்காகக் காத்திருந்ததாம். கதை நிஜமோ இல்லையோ, அதைக் கேட்டதும் தாலுகா ஆபீசில் அலைந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். கணினிப் பொறியாளர்கள் கண்ட பரிகாரம் எளியது: ஒரு வேலை காத்திருக்கக் காத்திருக்க அதன் முன்னுரிமையைத் தானாக உயர்த்திக்கொண்டே போவது. எவ்வளவு சாதாரணமான புகாராக இருந்தாலும் ஒருநாள் வரிசையின் தலைக்கு வந்தே தீரும். வயதுக்கு மரியாதை என்பது மனுக்களுக்கும் பொருந்தும்.

கணக்கு சொல்லும் இன்னொரு உண்மை கசப்பானது. ஒரு குழு தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால், எளிய கணக்கீட்டின்படி சராசரியாக நான்கு புகார்கள் கையில் இருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95 சதவீதம் என்றால் பத்தொன்பது. வேலை கொஞ்சம்தான் கூடியது, வரிசையோ பல மடங்கு நீண்டுவிட்டது. முன்னுரிமை விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தச் சுமையைக் குறைக்காது. காத்திருப்பை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றும், அவ்வளவே. ஆள் போதாத இடத்தில் புதிய விதி போடுவது, இருக்கும் சோற்றை வேறு தட்டில் பரிமாறுவது போல.

சத்தம் போடுபவர் முந்துகிறார்

விதி எதுவும் எழுதப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தம் போடுபவர் முந்துவார். சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சராக இருந்தபோது அந்த அமைச்சகம் ட்விட்டரில் வந்த முறையீடுகளுக்கு உடனுக்குடன் பதில் தந்து நாடெங்கும் பாராட்டுப் பெற்றது. 2015 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷேகாவ் அருகே ரயிலில் தொல்லைக்கு ஆளான பெண் பயணி ஒருவர் ட்விட்டரில் எழுத, ரயில்வே பாதுகாப்புப் படையினர் உதவிக்கு வந்தனர். உயிர், மானம் சம்பந்தப்பட்ட அவசரத்துக்கு அந்த வேகம் நியாயமானது, அவசியமானதும்கூட. அதே ரயிலின் பொதுப் பெட்டியில், ட்விட்டர் என்றால் என்னவென்று தெரியாத பெண்ணுக்கும் அதே வேகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. உலகமே பார்க்க எழுப்பப்படும் குறைக்குப் பதில் தருவதில் உதவியோடு விளம்பரமும் இருக்கிறது. தபாலில் வந்த கடிதத்துக்குப் பதில் தருவதில் உதவி மட்டுமே இருக்கிறது.

பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் முன்பெல்லாம் இந்தத் தரம் பிரிக்கும் வேலையைச் செய்தவர் நகரசேவகர், அதாவது வார்டு கவுன்சிலர். காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் கூட்டத்தில் யாருக்கு முதலில் போன் போடுவது என்பதை அவர் தீர்மானிப்பார். அதில் வாக்கு, ஜாதி, உறவு எல்லாம் கலந்திருக்கும். ஆனால் எந்தச் சந்தில் யார் வாய்திறக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தல் நடக்கவில்லை; நிர்வாகியின் கையிலேயே நகரம் இருந்தது. அந்த இடைவெளியில் மண்டல அலுவலகங்களில் திங்கட்கிழமைகளில் 'ஜனசம்வாத சபை' நடத்தி மக்களிடம் நேரில் குறை கேட்கும் முறையை மாநகராட்சி 2022-ல் கொண்டுவந்தது.

தமிழக வாசகர்களுக்கு இது பழகிய காட்சி. கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை என்றால் மனு நாள். அதிகாலையிலேயே பஸ் ஏறி, பக்கத்து மரத்தடியில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கி, வரிசையில் நிற்கும் முகங்களை அங்கே பார்க்கலாம். 2021-ல் தமிழக அரசு தேர்தல் காலத்தில் வாங்கிய மனுக்களுக்காகத் தனித்துறை அமைத்தது. அதே ஆண்டிலேயே பல குறைதீர் பிரிவுகளைச் சேர்த்து 'முதல்வரின் முகவரி' என்று ஒரே துறையாக்கியது. வாசல்கள் ஒன்றானது நல்லதே. வாசலுக்குள் வந்த பிறகு எந்த மனு முதலில் என்பது அங்கேயும் அதே கேள்வியாகத்தான் நிற்கிறது.

மூடப்பட்டது என்றால் முடிந்ததா?

காலக்கெடு வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நிர்வாகங்கள் நம்புகின்றன. பாதி உண்மை. காலக்கெடு இல்லாத புகார் தூங்கும். காலக்கெடு உள்ள புகார் சில சமயம் தூங்க வைக்கப்படும். கெடு முடியும் நாளில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதி மூடிவிட்டால் பட்டியல் சுத்தம். தெருவிளக்கு இருட்டிலேயே இருக்கும். வேலை நடக்காமலே புகார் மூடப்படுகிறது என்ற முறையீடு சாரதி பற்றியும் எழுந்திருக்கிறது. நாட்டின் எல்லா நகரங்களின் உதவி எண்களைப் பற்றியும் இது உண்டு.

ஒரே தெருவிளக்குக்குப் பத்துப் பேர் அழைத்தால் அது பத்துப் புகாரா, ஒன்றா என்பதிலும் இதே சூது இருக்கிறது. பத்தென்று வைத்தால், ஒரு பல்பை மாற்றிப் பத்துப் புகார்களைத் தீர்த்ததாகக் கணக்குக் காட்டலாம். ஒன்றென்று வைத்தால் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பது மறைந்துபோகும். புகார் ஒன்று, அழைத்தவர்கள் பத்துப் பேர் என்று இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுதுவதுதான் நேர்மையான வழி. மூடும் அதிகாரம் வேலை செய்தவரிடம் மட்டும் இருக்காமல், புகார் செய்தவர் 'ஆயிற்று' என்று சொன்ன பிறகே மூடுவது அடுத்த படி.

'இது எங்கள் வேலை அல்ல' என்பது இன்னொரு கதவடைப்பு. நிக்டியில் தெருவிளக்கு மாநகராட்சியுடையது; அறுந்து தொங்கும் மின்கம்பி மாநில மின்பகிர்மான நிறுவனமான மகாவிதரணுடையது. மழையில் கம்பி அறுந்து கிடப்பதைப் பார்ப்பவருக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் தப்பான எண்ணை அழைத்திருக்கலாம், ஆபத்து உண்மையானது. அப்போது போனை எடுப்பவர் சரியான எண்ணைச் சொல்லிவிட்டு வைப்பது பதில் ஆகாது. தானே அந்த இடத்துக்குத் தகவல் சொல்வதுதான் பதில்.

ஆகப் போனுக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கே விதிகள் போதும். தாமதித்தால் உயிருக்கோ உடலுக்கோ கேடு என்றால் அது முதலில். பதில் கையில் இருந்தால் அதை வரிசையில் போடாமல் அப்போதே சொல்லிவிடுவது. மற்றவற்றுக்கு வந்த வரிசை, ஆனால் காத்திருந்த நாள் கூடக்கூட மேலே ஏற்றுவது. நான்காவது, யாரும் அழைக்காத பகுதிக்கு வாரம் ஒரு முறையாவது ஆள் அனுப்பிப் பார்ப்பது. இந்த விதிகளை அலமாரியில் பூட்டாமல் மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டவும் வேண்டும். தன் முறை ஏன் பின்னால் போயிற்று என்று தெரிந்தால் காத்திருப்பவர் பொறுத்துக்கொள்வார். தெரியாதபோதுதான் சிபாரிசு தேடுகிறார்.

புகார் எழுதுபவர்களும் ஒரு கை கொடுக்கலாம். 'பல நாளாகக் கஷ்டப்படுகிறோம், உடனே நடவடிக்கை தேவை' என்று எழுதும் மனு, படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. எல்லா மனுவும் அப்படித்தான் சொல்கிறது. எந்த இடம், எந்த நாளிலிருந்து, எத்தனை வீடுகள், தாமதித்தால் யாருக்கு என்ன கேடு என்ற நான்கு தகவல்கள் முதல் இரண்டு வரியில் இருந்தால் அது தானாகவே சரியான அடுக்கில் விழும். பள்ளிக்கூட வாசல், முதியவர்கள் நடக்கும் வழி, அடையாளம் சொல்லும் கடை என்ற ஒரு வார்த்தை பத்து ஆச்சரியக்குறிகளைவிட வேலை செய்யும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதும், வேலை முடிந்தால் முடிந்தது என்று தெரிவிப்பதும் அடுத்தவரின் முறையைச் சீக்கிரம் கொண்டுவரும்.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஓர் ஆராய்ச்சி மணியைக் கட்டினான் என்பது நம் நீதிக் கதைகளில் தலையாயது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. கன்றை இழந்த பசு வந்து கயிற்றை இழுத்ததும், அரசன் தன் மகனென்றும் பாராமல் தீர்ப்புச் சொன்னான். அந்தக் கதையில் மணியை இழுத்தது ஒரே ஒரு பசு. நிக்டியில் மணி பகல் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது. நூறு பேர் ஒரே கயிற்றை இழுக்கும்போது மணி கட்டியது மட்டும் நீதி ஆகாது. அதன் ஓசைகளில் எது உயிரின் ஓசை, எது வெறும் சலிப்பின் ஓசை என்று பிரித்தறியும் காது வேண்டும். கயிறு எட்டாதவர் வீட்டுக்கு நடந்து போகும் கால்களும் வேண்டும்.